திறந்தவெளித் திருவிழா பாரில் நேரடி இசை: சத்தத்தைக் கட்டுக்குள் வைக்க முழு வழிகாட்டி

கச்சேரி அரங்குக்கு வருகிறவர் பாட்டுக் கேட்க வருகிறார். பாருக்கு வருகிறவர் பேச வருகிறார். பாட்டு கூடவே இருந்தால் மகிழ்ச்சி. கோவா கடற்கரையிலும் புதுச்சேரியிலும் பெங்களூரின் உணவுத் திருவிழாக்களிலும் மேடை போட்டு பேண்ட் வைக்கும் பார்களில் பாதிச் சிக்கல் இந்த வேறுபாட்டை மறப்பதால் வருகிறது. சவுண்டு இன்ஜினியர் மேடைக்கு நேர் எதிரே நின்று, தன் காதுக்கு நன்றாக இருக்கும் அளவில் மிக்ஸ் செய்கிறார். அதே நேரத்தில் கவுண்டரில் "ரெண்டு பீர், ஒரு லைம் சோடா" என்பதை மூன்று தடவை கத்த வேண்டியிருக்கிறது. மைதானத்துக்கு அப்பால் உள்ள வீட்டில் குழந்தை தூங்க மாட்டேன் என்கிறது.

எனவே ஒலி அளவை மேடை முன்னால் நின்று முடிவு செய்யக்கூடாது. கவுண்டரிலும் எல்லையிலும் நின்று முடிவு செய்ய வேண்டும். அந்த இரண்டு இடத்து அளவையும் பெரும்பாலும் தீர்மானிப்பது ஸ்பீக்கர் எங்கே நிற்கிறது, எங்கே பார்க்கிறது என்பதுதான். மிக்சரில் ஃபேடரை (ஒலியை ஏற்றி இறக்கும் நழுவு குமிழை) இறக்குவது கடைசி வழி. கீழே உள்ள படிகள் முந்நூறு, நானூறு பேர் கூடும் ஒரு மைதானம், ஐந்து பேர் கொண்ட ஒரு பேண்ட், சுமார் 60 மீட்டர் தள்ளிக் குடியிருப்பு என்ற அமைப்பை மனதில் வைத்து எழுதியவை.

படி 1: மூன்று இடம், மூன்று எண்

நிகழ்ச்சிக்குப் பல நாள் முன்பே மூன்று எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மேடை முன்வரிசை, அதாவது ஸ்பீக்கரிலிருந்து 4 மீட்டர்: 88 முதல் 92 டெசிபல் (ஏ), அதாவது மனிதக் காது கேட்கும் விதத்தில் கணக்கிட்ட டெசிபல். ஆடுகிறவர்களுக்கு இது போதும். உலக சுகாதார நிறுவனம் இசை நிகழ்ச்சிகளுக்காக 2022இல் வெளியிட்ட தரநிலையில், 15 நிமிட சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. அது உச்ச வரம்பு. பார் மேடை அதன் அருகில்கூடப் போகத் தேவையில்லை.

உட்கார்ந்து குடிக்கும் மேசைகள்: 76 முதல் 80.

கவுண்டர்: 72 முதல் 75. ஒருவர் சற்றுக் குரலை உயர்த்திப் பேசினால் ஒரு மீட்டர் தூரத்தில் 66 டெசிபல் அளவில் இருக்கும். கவுண்டரின் இரு பக்கமும் நிற்பவர்களுக்கு இடையே அரை மீட்டருக்குச் சற்று அதிகமான தூரம்தான், அதனால் 70ஐ ஒட்டிக் கேட்கும். பின்னணி 75ஐத் தாண்டினால் ஆர்டர் தவறாகக் கேட்க ஆரம்பிக்கும். 80இல் வாடிக்கையாளர் கவுண்டர் மேல் சாய்ந்து காதருகே கத்துவார். ஒரு ஆர்டருக்கு ஆகும் நேரம் கூடும், வரிசை நீளும், விற்பனை குறையும். சத்தத்தைக் குறைக்க மனமில்லாத பார் முதலாளியிடம் இந்தக் கணக்கைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கூட்டத்துக்கென்று ஒரு குணம் உண்டு. சுற்றிலும் சத்தம் ஏறினால் மனிதர்கள் தாமே குரலை உயர்த்துவார்கள். பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911இல் விவரித்த இயல்பு இது. இசை ஏற, பேச்சு ஏறும்; பேச்சில் பாட்டு அமுங்குகிறது என்று இன்ஜினியர் மேலும் ஏற்றுவார். ஒன்பது மணிக்குள் இரண்டும் சேர்ந்து எட்டு, பத்து டெசிபல் ஏறிவிடும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். மாலை ஆறு மணிக்கே குறைவாகத் தொடங்கினால்தான் இந்த ஏணியில் கூட்டம் ஏறாது.

ஜெர்மனியின் ம்யூனிக் நகரில் நடக்கும் பீர்த் திருவிழாவான அக்டோபர்ஃபெஸ்ட்டில் 2005 முதல் இதையே விதியாக வைத்திருக்கிறார்கள். பீர்க் கூடாரங்களில் மாலை 6 மணி வரை மரபான பித்தளைக் கருவி இசை மட்டும், அதுவும் 85 டெசிபலுக்குள். குடும்பங்களும் முதியவர்களும் பகலில் வந்து பேசிக்கொண்டு உட்கார முடிவதற்கு அந்த வரம்பு உதவுகிறது.

படி 2: எல்லையில் சட்டம் அனுமதிப்பது எவ்வளவு?

இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் பொருந்தும். ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். மாவட்ட ஆட்சியரோ, காவல் ஆணையரோ, டிஎஸ்பி நிலைக்குக் குறையாத வேறு அதிகாரியோ அதற்கு நியமிக்கப்பட்டிருப்பார். மதுக்கான உரிமம் கையில் இருப்பதால் ஒலிபெருக்கி அனுமதியும் கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். அது வேறு தாள்.

காலை 6 முதல் இரவு 10 வரை பகல் கணக்கு. சுற்றுப்புற அளவு வணிகப் பகுதியில் 65, குடியிருப்பில் 55, அமைதி மண்டலத்தில் 50 டெசிபல் (ஏ). மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம் ஆகலாம். இரவுக்கு இவை முறையே 55, 45, 40.

பலர் தவறவிடும் இடம் அடுத்தது. பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால், அந்த இடத்தின் எல்லையில் சுற்றுப்புற அளவுக்கு மேல் 10 டெசிபல், அல்லது 75 டெசிபல், இரண்டில் எது குறைவோ அதுதான் வரம்பு. தனியார் இடமானால் சுற்றுப்புற அளவுக்கு மேல் 5 மட்டுமே. ஆகவே குடியிருப்புப் பகுதியில் பொது மைதானத்தில் நடத்தினால் எல்லையில் 65 வரை போகலாம், தனியார் தோட்டத்தில் நடத்தினால் 60தான். திருவிழா பார்கள் பெரும்பாலும் தனியார் நிலத்தில் நடப்பவை. விண்ணப்பம் எழுதும்போதே நிலம் எந்த வகை, பகுதி எந்த வகை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. 2010இல் வந்த திருத்தம் இசைக்கருவிகளையும் இந்தத் தடைக்குள் சேர்த்துவிட்டது. மைக் இல்லாமல் செண்டையோ டிரம்மோ அடித்தால் பரவாயில்லை என்ற வாதம் இனி நிற்காது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக மாநில அரசு 10 முதல் 12 வரை தளர்வு தரலாம், ஆண்டுக்கு மொத்தம் 15 நாளுக்கு மிகாமல். அந்த நாட்களை அறிவிப்பது அரசு. உங்கள் நிகழ்ச்சி அந்தப் பட்டியலில் இல்லையென்றால் 10 மணிக்கு இசை நிற்க வேண்டும்.

படி 3: அளக்கும் கருவி

இரண்டாம் வகுப்பு ஒலி அளவுமானி ஒன்று, அதைச் சரிபார்க்க 94 டெசிபல் தரும் கேலிபிரேட்டர் ஒன்று. வாங்க முடியாவிட்டால் இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுங்கள். போன் செயலிகளை ஏற்ற இறக்கம் பார்க்க மட்டும் பயன்படுத்தலாம். போன் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது: பேஸை, அதாவது தாழ்ந்த சுருதி ஒலியை, குறைத்துக் காட்டும், அதிக சத்தத்தில் தன் உச்சத்தைத் தொட்டு அதற்கு மேல் ஏறாது. அதிகாரி கருவியோடு வந்து நிற்கும்போது உங்கள் போன் காட்டும் எண்ணுக்கு மதிப்பில்லை.

மானியை ஸ்டாண்டில், தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில், சுவரிலிருந்து 3 மீட்டருக்கு மேல் தள்ளி வையுங்கள். காற்றுத் தடுப்புப் பஞ்சு கட்டாயம். அது இல்லாமல் கடற்கரையில் அளந்தால் கிடைப்பது காற்றின் சத்தம்தான். அந்தந்தக் கணத்தில் தாவும் எண்ணைப் பார்க்க வேண்டாம், ஐந்து நிமிட சராசரியைப் பாருங்கள். ஏ அளவோடு சி அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். காரணம் படி 6இல்.

முதல் வேலை: நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பு, அதே கிழமை, அதே நேரம், இசை இல்லாமல் எல்லையில் மூன்று இடங்களில் பின்னணியை அளந்து தேதி, நேரம், காற்றுத் திசையோடு எழுதி வையுங்கள். பிறகு சர்ச்சை வந்தால் இந்தத் தாள் பேசும்.

படி 4: மைதானத்தை வரைவது

ஒரு தாளில் எல்லை, வீடுகள், மேடை, கவுண்டர், மேசைகள், கழிப்பறை, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் மீட்டர் கணக்கில் வரையுங்கள். ஆணி அடிக்கும் முன் தாளில் மேடையைத் திருப்ப ஒரு நிமிடம் போதும். பந்தல் போட்ட பிறகு திருப்ப யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

திறந்தவெளியில் ஸ்பீக்கரிலிருந்து தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒலி 6 டெசிபல் குறையும். 4 மீட்டரில் 92 என்றால் 8இல் 86, 16இல் 80, 32இல் 74, 64இல் 68. ஸ்பீக்கர் வீடுகளை நேராகப் பார்த்தால் 64 மீட்டரில் உள்ள எல்லையில் 68. தனியார் இட வரம்பான 60ஐ விட எட்டு அதிகம். பேண்ட் ஒரு பாட்டுக்கூடப் பாடும் முன்பே தோற்றுவிட்ட அமைப்பு இது.

எனவே மேடையின் முதுகு வீடுகளின் பக்கம். ஸ்பீக்கர் பார்க்கும் திசையில் கடல், வயல், நெடுஞ்சாலை, கிடங்கு என்று ஏதாவது இருக்கட்டும். ஸ்பீக்கரின் பின்பக்கம் நடு, மேல் அதிர்வெண்கள் நன்றாகக் குறையும். பேஸ் குறையாது.

கவுண்டரை மேடைக்கு எதிரே வைப்பதுதான் பொதுவான தவறு. கூட்டம் அங்கே இருக்கிறது, பாரும் அங்கேயே இருக்கட்டும் என்று நினைக்கிறார்கள். எதிரே 16 மீட்டரில் கவுண்டர் இருந்தால் 80 டெசிபல். அதே தூரத்தில் பக்கவாட்டுக்கு, ஸ்பீக்கரின் கோணத்துக்கு வெளியே தள்ளினால் 73, 74க்கு வந்துவிடும். செலவில்லாமல் ஆறு டெசிபல். இன்னொன்று: எதிரே இருக்கும் கவுண்டரில் ஊழியர் முகம் மேடையைப் பார்க்கிறது, ஆறு மணி நேரமும் ஒலி நேராக அவர் காதில் விழுகிறது. பக்கவாட்டில் வைத்தால் இருவர் பேச்சும் இசையின் பாதையிலிருந்து விலகும்.

கவுண்டருக்கு மேலே தகரக் கூரை போட்டால் கூட்டத்தின் பேச்சு முழுவதும் அதில் பட்டுத் திரும்பும். கூரையின் அடியில் தென்னைநார்ப் பாயோ தடித்த கம்பளியோ தொங்கவிடுங்கள். தீத்தடுப்பு பூசியதாக இருக்க வேண்டும், அடுப்புக்கும் விளக்குக்கும் அருகே வேண்டாம்.

ஜெனரேட்டரை மறந்துவிடாதீர்கள். இந்தியாவில் ஒலிக்கூண்டோடு வரும் டீசல் ஜெனரேட்டருக்குக் கூண்டிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபல் வரம்பு. கூண்டுக் கதவைத் திறந்து வைத்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. கவுண்டருக்குப் பின்னால் மூன்று மீட்டரில் ஜெனரேட்டர் ஓடினால், அதன் உறுமலுக்கு மேல் பாட்டு கேட்க வேண்டும் என்று ஒலியை ஏற்றுவார்கள். குறைந்தது 20 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வீடுகளுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வையுங்கள். ஐஸ் நொறுக்கும் இயந்திரமும் பிளெண்டரும் கவுண்டரின் பின்தடுப்புக்கு அப்பால் போகட்டும்.

தடுப்பு எழுப்ப நினைத்தால் துணி, தார்ப்பாய், பந்தல் தட்டி எதுவும் ஒலியைத் தடுக்காது. எடையுள்ள, இடைவெளி இல்லாத பொருள் வேண்டும்: சதுர மீட்டருக்குப் பத்து கிலோவாவது எடையுள்ள பலகைச் சுவர், கப்பல் கண்டெய்னர், வரிசையாக நிறுத்திய லாரிகள். மேடைக்குப் பின்னாலேயே நெருக்கமாக வைத்தால் பலன் அதிகம். ஒரு வரிசை மரத்தால் ஒலி அளவில் சொல்லும்படியான மாற்றம் வராது.

படி 5: பெரிய ஸ்பீக்கர் இரண்டா, சிறியவை ஆறா?

பின்மேசை வரை கேட்க வேண்டும் என்று மேடையில் பெரிய பாக்ஸ்களை அடுக்குவது வழக்கம். பின்மேசைக்குப் போதும் என்றால் முன்வரிசைக்கு மிஞ்சும், எல்லையைத் தாண்டும். அதற்குப் பதில் பிரதான ஸ்பீக்கரை 6 டெசிபல் இறக்குங்கள்: 4 மீட்டரில் 86, 64 மீட்டரில் 62. மேசைப் பகுதிக்கு மேடையிலிருந்து 12 மீட்டரில் இரண்டோ நான்கோ சிறிய ஸ்பீக்கர்களை ஸ்டாண்டில் வையுங்கள். 8 அங்குல பாக்ஸ் அல்லது தூண் வடிவ (காலம்) ஸ்பீக்கர் போதும். ஒவ்வொன்றும் 3 மீட்டரில் 78, 80 தரட்டும். அருகில் இருப்பவருக்கு நிறைவாகக் கேட்கும், 24 மீட்டரில் 60ஐ ஒட்டி இறங்கிவிடும். அவற்றின் முதுகு எல்லைப் பக்கம், முகம் உள்ளே.

பிரதான ஸ்பீக்கரின் ஹார்ன் (மேல் அதிர்வெண்களைத் தரும் பகுதி) தலைக்கு மேல் இருக்கட்டும், தரையிலிருந்து 2 மீட்டருக்குச் சற்று அதிகமாக. பிறகு 5 முதல் 10 டிகிரி கீழே சாய்க்கவும். சாய்க்காமல் விட்டால் பாதி ஒலி கூட்டத்தின் தலைக்கு மேலாகவே எல்லைக்குப் போகும். ஹார்னின் மையக்கோடு கடைசி மேசைக்காரரின் தலையில் விழ வேண்டும்.

சிறிய ஸ்பீக்கர்களுக்குத் தாமதம் கொடுப்பது கட்டாயம். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 2.9 மில்லி விநாடி ஆகும். 12 மீட்டருக்கு 35. அதோடு 10 கூட்டி 45 மில்லி விநாடி வைத்தால், பாட்டு மேடையிலிருந்தே வருவதாகக் காது உணரும். தாமதம் இல்லாவிட்டால் சொல் இரண்டு தடவை விழுந்து வரிகள் குழம்பும். புரியவில்லை என்று ஒலியை ஏற்றுவார்கள், ஏற்றினாலும் புரியாது.

படி 6: பேஸ்

புகார்களில் பெரும்பகுதி பாட்டைப் பற்றியது அல்ல, "தும் தும்" என்ற அடியைப் பற்றியது. 60 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 5.7 மீட்டர். அது சுவரை வளைத்துக்கொண்டு போகும், சன்னலை ஊடுருவும், தூரத்தில் மற்ற எல்லாம் தேய்ந்த பிறகும் நிற்கும்.

சட்டம் ஏ அளவில் பேசுகிறது. ஏ அளவு மனிதக் காதைப் பின்பற்றி 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபலைக் கழித்துவிடும். அதனால் மானி 58 காட்டும்போதும் வீட்டுக்குள் பாத்திரம் அதிரலாம். சி அளவில் அந்தக் கழிவு ஒன்றுக்கும் குறைவு. எல்லையில் சி எண் ஏ எண்ணைவிட 15க்கு மேல் அதிகமாக இருந்தால் பேஸைக் குறைக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 1995இல் வெளியான கச்சேரி ஒலி நெறிமுறை இதற்கென்றே தனி வழிகாட்டல் தந்தது: திறந்தவெளிக் கச்சேரியிலிருந்து தொலைவில் 63 அல்லது 125 ஹெர்ட்ஸ் பட்டையில் 70 டெசிபல் வரை ஏற்கலாம், 80 வந்தால் கடும் தொந்தரவு.

செய்ய வேண்டியவை. சப்வூஃபரை (பேஸுக்கான தனி ஸ்பீக்கர், சுருக்கமாக சப்) மேடைப் பலகை மேல் வைக்காதீர்கள், பலகை பெட்டியாக அதிரும். தரையில் வையுங்கள். சுவரோரம், மூலை வேண்டாம், ஒவ்வொரு பரப்பும் பேஸைக் கூட்டும். இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று என்று பிரிக்காமல் நடுவில் சேர்த்து வைத்தால் மைதானத்தில் ஒரு பக்கம் அதிர, மறுபக்கம் வறண்டு கிடக்கும் நிலை குறையும்.

ஒரே மாடல் சப் மூன்று கிடைத்தால் கார்டியாய்டு அமைப்பு போடுங்கள். இரண்டு முன்னே பார்க்க, ஒன்று பின்னே பார்க்க. பின்னே பார்ப்பதன் துருவம் மாற்றி, தயாரிப்பாளர் சொல்லும் தாமதத்தைக் கொடுக்க வேண்டும். பல பவர்டு சப்களில் இது ஒரு பொத்தானாகவே வருகிறது. சரியாக அமைந்தால் பின்பக்கம் பேஸ் பத்து டெசிபலோ அதற்கு மேலுமோ குறையும். பெட்டிகளுக்குப் பின்னால் அரை மீட்டருக்கு மேல் வெளி இருக்க வேண்டும், திரை கட்டி அடைத்தால் வேலை செய்யாது. போட்டதும் பின்னால் நடந்து போய்க் கேளுங்கள். பின்னால் பேஸ் கூடியிருந்தால் துருவமோ கேபிளோ மாறியிருக்கிறது.

மிக்சரில் கிக், பேஸ் கிட்டார், கீபோர்டின் இடக்கை இவை தவிர மற்ற எல்லா சேனலுக்கும் 100 ஹெர்ட்ஸில் ஹை பாஸ் (அதற்குக் கீழ் உள்ளதை வெட்டும் ஃபில்டர்) போடுங்கள். பாடகரின் மைக்கில் நுழையும் காற்றும் மேடை அதிர்வும் வீணாக சப்புக்குப் போவது நிற்கும். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழ் மொத்தமாக வெட்டிவிடலாம், பார் கூட்டத்தில் யாருக்கும் அது தேவையில்லை.

படி 7: மேடையிலிருந்தே வரும் சத்தம்

சிறிய மேடையில் மிக்சரின் கைக்கு எட்டாத ஒலிகள் மூன்று: டிரம், கிட்டார் ஆம்ப், மானிட்டர் (கலைஞர்கள் தங்களைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்). ஸ்னேர் டிரம் ஒரு மீட்டரில் 100 டெசிபலை எளிதில் தாண்டும். ஃபேடரை முழுதாக இறக்கினாலும் அது கேட்டுக்கொண்டே இருக்கும். டிரம் இவ்வளவு இருக்கும்போது பாடகர் அதற்கு மேல் வர வேண்டும், பாடகருக்கு மேல் கிட்டார். மொத்த ஒலியின் அடித்தளத்தை டிரம்மரின் கைதான் போடுகிறது. பேண்டோடு ஒப்பந்தம் பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்: குச்சிக்குப் பதில் ஓசை குறைந்த ராட்ஸ் அல்லது பிரஷ், முடிந்தால் கஹோன் (உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டி), இன்னும் முடிந்தால் எலெக்ட்ரானிக் கிட். மேடையேறிய பிறகு டிரம்மரிடம் "மெதுவா அடிங்க அண்ணா" என்றால் முதல் பாட்டோடு மறந்துபோகும்.

கிட்டார் ஆம்ப் 5 முதல் 15 வாட் போதும். தரையில் வைத்து வாசிப்பவர் முழங்காலை நோக்கி அடிப்பதால்தான் அவருக்குக் கேட்பதில்லை. நாற்காலி மேல் வைத்து, காதை நோக்கிச் சாய்த்தால் பாதி அளவிலேயே திருப்திப்படுவார். ஆம்ப் இல்லாமல், ஆம்பின் ஒலியை மின்னணுவில் தரும் மாடலர் பெட்டி வழியாக நேரே மிக்சருக்கு வந்தால் இன்னும் நல்லது. தரை மானிட்டர்களுக்குப் பதில் காதில் பொருத்தும் மானிட்டர் கேளுங்கள். அது இல்லையென்றால் மானிட்டரில் பாடகரின் குரல் மட்டும் போகட்டும்.

பாடாத நேரத்தில் மைக்கை மூடி வையுங்கள். திறந்திருக்கும் மைக் எண்ணிக்கை இரட்டிக்கும்போது ஸ்பீக்கர் ஊளையிடும் எல்லை 3 டெசிபல் நெருங்கி வரும்.

பறை, செண்டை, பித்தளை பேண்ட் போன்றவற்றுக்கு ஒலி குறைக்கும் குமிழ் கிடையாது, அவற்றை மெதுவாக வாசிக்கச் சொல்வதும் கலைஞருக்குச் செய்யும் மரியாதை அல்ல. முன்மாலையில், குறுகிய நேரம், எல்லைக்கு மிகத் தொலைவான இடத்தில் வையுங்கள்.

படி 8: மேசைக்கும் எல்லைக்கும் உள்ள வித்தியாசம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைச் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள்.

நிகழ்ச்சி நாள் பிற்பகல், எல்லாம் பொருத்திய பிறகு, ஒருவர் மிக்சரில், ஒருவர் மானியோடு எல்லையில். பிங்க் நாய்ஸையும் (எல்லா அதிர்வெண்ணும் கலந்த சோதனை இரைச்சல்) பிறகு பேஸ் நிறைந்த ஒரு பதிவையும் மிக்சர் இடத்தில் 90 டெசிபல் (ஏ) வரும்படி இரண்டிரண்டு நிமிடம் ஒலிக்க விடுங்கள். அதே நேரத்தில் எல்லையில் என்ன காட்டுகிறது என்று போனில் சொல்லட்டும். எல்லையில் மூன்று இடம், கவுண்டரில் ஓர் இடம்.

எல்லையில் 66 என்று வைத்துக்கொள்வோம். உடனே வித்தியாசம் 24 என்று எழுதிவிடக்கூடாது. பின்னணி 60 இருந்தால் 66இல் உங்கள் இசையின் பங்கு ஏறத்தாழ 64.7. பின்னணியைவிடப் பத்து டெசிபல் மேலே இருந்தால் மட்டுமே இந்தத் திருத்தம் தேவையில்லை. ஆக வித்தியாசம் 25 என்று கொள்வோம். எல்லை வரம்பு 60 என்றால் மிக்சரில் 85தான் மேல்வரம்பு. இரவுக் காற்றுக்காக 3 கழித்து 82. இந்த எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதி மிக்சர் மேல் ஒட்டுங்கள். இனி எல்லைக்கு ஓட வேண்டியதில்லை. இன்ஜினியர் தன் இடத்திலேயே மானியைப் பார்த்துக்கொள்ளலாம்.

82 போதாது என்று பேண்ட் சொன்னால் படி 4, 5க்குத் திரும்புங்கள். ஸ்பீக்கரை இருபது டிகிரி திருப்புவதும் பிரதானத்தை இறக்கி சிறியவற்றைக் கூட்டுவதும் அந்த 25ஐ 30 ஆக்கக்கூடும். வித்தியாசம் கூடக் கூட மைதானத்துக்குள் உங்களுக்குச் சுதந்திரம் கூடுகிறது. மேடைக்காரர்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் ஒரே நேரத்தில் நன்மை செய்யும் வழி இதுதான்.

அடுத்து லிமிட்டர், அதாவது ஒலி குறித்த அளவைத் தாண்டாமல் அமுக்கும் கருவி. மிக்சரின் மாஸ்டர் வெளியீட்டில், விகிதம் 10:1 அல்லது மேல், அட்டாக் 10 முதல் 20 மில்லி விநாடி, ரிலீஸ் 200 முதல் 300. பிங்க் நாய்ஸ் மேல்வரம்பைத் தொடும்போது லிமிட்டர் இயங்கத் தொடங்கும்படி த்ரெஷ்ஹோல்டை வைத்துப் பூட்டுங்கள். ஆம்ப், பவர்டு ஸ்பீக்கர் குமிழ்களின் மேல் டேப் ஒட்டுங்கள். பின்னால் யாராவது ஏற்றிவிட்டால் மொத்தக் கணக்கும் போய்விடும். லிமிட்டர் தொடர்ந்து ஆறு டெசிபல் அமுக்கிக்கொண்டிருந்தால் இசை நசுங்கிக் கேட்கும். அப்போது ஃபேடரை இறக்க வேண்டும், லிமிட்டரைத் தளர்த்தக்கூடாது.

காலி மைதானத்தில் ஒலி பிரகாசமாகக் கேட்கும். கூட்டம் நிறைந்ததும் உடல்கள் மேல் அதிர்வெண்களை விழுங்கிவிடும். மொத்த அளவை ஏற்றாமல் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியைக் குரலில் இரண்டு டெசிபல் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

படி 9: மாலையிலிருந்து பத்து மணி வரை

வெயில் நேரத்தில் தரை சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். சூரியன் மறைந்து தரை குளிர்ந்ததும், மேலே சூடான காற்று, கீழே குளிர்ந்த காற்று என்று அடுக்கு மாறும். ஒலி கீழ்நோக்கி வளைந்து தூரத்து வீடுகளில் இறங்கும். நான்கு மணிக்குச் சரியாக இருந்த அதே அளவு ஒன்பது மணிக்குப் புகாராக மாறுவதன் காரணம் இது. காற்று வீடுகளை நோக்கி வீசினாலும் இதே விளைவு. கடற்கரையில் மாலைக் கடற்காற்று ஊரை நோக்கி வீசும். ஸ்பீக்கர் கடலைப் பார்த்தாலும் பேஸ் ஊருக்குள் போவதை அது தடுக்காது. எட்டு மணிக்கு மேல் எல்லையை ஒரு தடவை கட்டாயம் நேரில் அளந்து, மிக்சர் மேல் ஒட்டிய எண்ணைத் திருத்துங்கள்.

பேண்ட் 45 நிமிடம், இடைவேளை 15 முதல் 20 நிமிடம். இடைவேளையில் கூட்டம் கவுண்டருக்கு வரும், எனவே அப்போது ஒலிக்கும் பதிவு இசை பேண்டைவிடப் பத்து டெசிபல் குறைவாக இருக்கட்டும். இடைவேளையில் டிஜே புகுந்து பேண்டைவிட அதிகமாக வைப்பது பல இடங்களில் நடக்கிறது. டிஜேயின் வெளியீடும் அதே லிமிட்டர் வழியாகத்தான் போக வேண்டும், தனி ஆம்ப் கொண்டுவர அனுமதிக்காதீர்கள்.

வேகமான பாடல்கள் ஏழரை முதல் ஒன்பது வரை. ஒன்பதுக்கு சப்பை 3 டெசிபல் இறக்குங்கள், ஒன்பதரைக்கு இன்னும் 3. கடைசிக் கால் மணி நேரம் கிட்டாரும் குரலும் மட்டும். ஒலி மெல்ல இறங்கினால் கூட்டமும் குரலை இறக்கும், பத்து மணிக்குத் திடீரென்று நிறுத்தி நானூறு பேர் ஆரவாரம் செய்யும் நிலை வராது. கடைசிப் பாட்டு 9:50க்குள் தொடங்கிவிட வேண்டும். "இன்னும் ஒண்ணு" என்று கூட்டம் கேட்கும். பேண்டின் தலைவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

படி 10: கவுண்டரில் நிற்பவர்களின் காது

வாடிக்கையாளர் இரண்டு மணி நேரத்தில் போய்விடுவார். பார் ஊழியர் எட்டு மணி நேரம் நிற்கிறார், விழா மூன்று நாள் என்றால் மூன்று நாளும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் நிறுவனம் சொல்லும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88இல் நான்கு மணி, 91இல் இரண்டு, 94இல் ஒன்று. மேடை அருகே காலி கிளாஸ் சேகரிப்பவர்தான் அதிக ஆபத்தில் இருப்பவர், அவரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை இடம் மாற்றுங்கள். இசைக்கான ஃபில்டர் வைத்த காதடைப்பான் 15 டெசிபல் குறைக்கும், பேச்சும் தெளிவாகக் கேட்கும். சாதாரணப் பஞ்சு அடைப்பான் பேச்சை மழுக்குவதால் ஊழியர்கள் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார்கள். காதுக்குள் இரைச்சல் கேட்கிறது என்று ஒருவர் சொன்னால் அன்று அவரை மேடைப் பக்கம் அனுப்பக்கூடாது.

கவுண்டரில் எண்ணிட்ட பெரிய விலைப்பட்டியல் வையுங்கள். விரலால் எண்ணைக் காட்டினாலே ஆர்டர் முடிந்துவிடும்.

படி 11: புகாரும் பத்து மணிக்குப் பிறகும்

ஒரு வாரம் முன்பு எல்லையை ஒட்டிய வீடுகளுக்கு நேரில் போய் தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், அழைக்க ஒரு எண் தாருங்கள். அந்த எண்ணை மைதானத்தில் இருக்கும், ஃபேடரை இறக்கச் சொல்லும் அதிகாரம் உள்ள ஒருவர் எடுக்க வேண்டும். அழைப்பு வந்தால் முதலில் சப்பை 3 இறக்குங்கள், பிறகு அந்த வீட்டு வாசலுக்குப் போய் அளங்கள், பத்து நிமிடத்துக்குள் திருப்பி அழைத்து என்ன செய்தோம் என்று சொல்லுங்கள். வயதானவரோ நோயாளியோ இருக்கும் வீடு என்றால் எண் வரம்புக்குள் இருந்தாலும் இறக்குங்கள். நேரம், இடம், அளவு, காற்று, செய்த மாற்றம் அனைத்தும் ஒரு நோட்டில் ஏறட்டும்.

இசை நின்ற பிறகும் சத்தம் நிற்காது. காலி பாட்டில்களை இரும்புத் தொட்டியில் கொட்டும் ஓசை நள்ளிரவில் பேண்டைவிடத் தெளிவாகக் கேட்கும். பாட்டில்களை மூடிய பிளாஸ்டிக் கூடைகளில் சேர்த்து வைத்து, காலை ஏழு மணிக்குப் பிறகு கொட்டுங்கள். மேடை பிரிக்கும் வேலையும் இரும்புக் குழாய் ஏற்றுவதும் காலைக்கே. பெரிய ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு விளக்குக்கு மட்டும் சிறியதை ஓட்டுங்கள். வெளியேறும் வாசல் வீடுகளுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். ஆட்டோ, டாக்ஸி நிற்கும் இடத்தில் ஒருவரை நிறுத்தி ஹாரன் அடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மறுநாளும் நிகழ்ச்சி இருந்தால், அன்றைய நோட்டில் எல்லை அளவு எந்த நேரத்தில் ஏறியது என்று பார்த்து, மறுநாள் சவுண்டு செக்குக்கு முன்பே மிக்சர் மேல் ஒட்டிய எண்ணை மாற்றி எழுதுங்கள்.